வரிசையில் அடுத்தவர்

சட்டைக் கையில் ஒரு சுருக்கம் போகவே மாட்டேன் என்று அடம்பிடித்தது. அக்கா அதன்மேல் தண்ணீர் தெளித்து, இஸ்திரிப் பெட்டியை அழுத்தி ஓட்டினாள். ஆவி எழும்பி முகத்தில் அடித்தது. மேசைக்கு அந்தப் பக்கம், கடையின் நடுவில் போட்டிருந்த கட்டிலில், தம்பி பனியனோடு படுத்திருந்தான்.

"விடேன். கையில சுருக்கம் இருக்கான்னு யார் பார்க்கப் போறாங்க?" என்றார் அவள் கணவர்.

"நான் பார்ப்பேன்."

சலவைக் கடைக்காரியின் தம்பி. ஆனால் ஐம்பது வயது வரை கசங்கின சட்டையிலேயே ஊரைச் சுற்றியவன். அவள் தேய்த்து மடித்துக் கொண்டுபோய் மாடி அறையில் வைத்தால், அதை ஓரமாகத் தள்ளிவிட்டுக் கொடியில் கிடப்பதை எடுத்து மாட்டிக்கொள்வான். கேட்டால், "நான் என்ன உன் கடைக்கு விளம்பரப் பலகையா?" என்பான். இன்றைக்கு அவனால் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேச முடியாது. அந்த எண்ணம் வந்ததும் அவளுக்குக் கோபம்தான் பொங்கியது. பேசேன்டா, இப்போது பேசு பார்ப்போம்.

மாடிப்படி குறுகல் என்பதால் நேற்றுக் காலை உயிர் போனதும் அவனைக் கீழே கடைக்குத்தான் கொண்டுவந்தார்கள். வாடிக்கையாளர் துணிகளை அகற்ற நேரமில்லை. கட்டிலுக்கு மேலே கம்பியில் கோட்டுகளும் கவுன்களும் பிளாஸ்டிக் உறைக்குள், துண்டுச்சீட்டோடு தொங்கின. துக்கம் கேட்க வந்தவர்கள் அவற்றை விலக்கிக்கொண்டுதான் முகத்தைப் பார்க்க வேண்டியிருந்தது. ஓரிருவர் தங்கள் உறை எங்கே தொங்குகிறது என்று கண்ணால் தேடியதையும் அக்கா கவனித்தாள். கவனிக்காத மாதிரி இருந்துகொண்டாள்.

அவளும் கணவருமாகச் சட்டையை மாட்டினார்கள். கழுத்துப் பொத்தான்வரை போட்டாள். உயிரோடு இருந்தால் இதற்கே ஒரு சண்டை நடந்திருக்கும்.

தம்பிக்குக் கம்ப்யூட்டர் வேலை. ஒரு பெரிய கம்பெனியில் சம்பளக் கணக்குப் போடும் மென்பொருளைப் பார்த்துக்கொண்டிருந்தான். அது பகலில். சாயங்காலமும் ஞாயிற்றுக்கிழமையும் கருவி வங்கிக்கு. படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்குக் கட்டில், சக்கர நாற்காலி, ஆக்சிஜன் மெஷின் எல்லாம் இலவசமாகக் கொடுத்து, தேவை முடிந்ததும் திரும்ப வாங்கிக்கொள்ளும் தர்ம ஸ்தாபனம் அது. அம்மா செத்த பிறகு அவளுடைய சக்கர நாற்காலியைத் திருப்பிக் கொடுக்கப் போனவன், அங்கே சத்தம் போடுகிறவனுக்கு முதலில், சிபாரிசோடு வருகிறவனுக்கு அதற்கும் முதலில் என்று நடப்பதைப் பார்த்துவிட்டு ஆபீசிலேயே கத்தியிருக்கிறான். "பேசறது சுலபம், செஞ்சு காட்டுங்க" என்று அங்கிருந்த செயலாளர் அம்மா சொல்லியிருக்கிறார். அந்த ஒரு வார்த்தைக்காகப் போனவன்தான். மெஷின் எது எங்கே இருக்கிறது, யார் முதலில் கேட்டார்கள், யாருக்கு நோய் முற்றியிருக்கிறது என்று பார்த்து அடுத்தது யாருக்கு என்பதைத் தானாகவே சொல்லும் ஒரு மென்பொருளை எழுதினான். எழுதியதோடு விடவில்லை. பல வருஷம் அதைக் கட்டிக்கொண்டே அழுதான். கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. அவன் வாய்க்கு யாரும் கிடைத்திருக்கவும் மாட்டார்கள். கருவி வங்கி ஆபீசில் அவனுக்கு வைத்த பெயர் கடுகு. சூடு பட்டால் வெடிப்பான்.

பிறகு அவன் நுரையீரலே இறுகிப் போக ஆரம்பித்தது. இந்த வருஷம் ஊருக்கு வெளியே காடு பற்றிக்கொண்டதில் வானமே சாம்பல் நிறமாகிவிட, ஆரோக்கியமாக இருந்தவர்களே இருமினார்கள். வீட்டில் ஒரு ஆக்சிஜன் மெஷின் இருந்தால் நல்லது என்றார் டாக்டர். கடைகளில் விலைக்கும் இல்லை, வாடகைக்கும் இல்லை. கணவர்தான் சிலிண்டர் நிரப்பும் இடத்துக்கும் வீட்டுக்குமாக நடையாய் நடந்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு மாடியேறினார்.

"உன் கருவி வங்கில சொல்லேன்டா" என்றாள் அக்கா.

"பதிஞ்சிருக்கேன்."

"பதிஞ்சிருக்கியா? நீ கட்டின வீட்டுக்குள்ள போக நீயே கதவைத் தட்டிக்கிட்டு நிப்பியா?"

"வரிசை வரும்போது வரும்."

"உன் கையால எழுதினதுதானே? ரெண்டு எழுத்தை மாத்திப் போட முடியாதா?"

"மாத்தலாம்." மூச்சு வாங்க நேரம் எடுத்துக்கொண்டான். "எனக்கு முன்னாடி நிக்கறவனுக்கும் வீட்ல ஒரு அக்கா இருப்பா. அவ வந்து ஏன்னு கேட்டா, பதில் சொல்ல உன்னை அனுப்பவா?"

"நானே போன் பண்ணிக் கேக்கறேன்."

"பண்ணு. சிலிண்டரைப் பிடுங்கி ஜன்னல் வழியாப் போட்டுடறேன்."

செய்கிறவன்தான். அதனால் அவள் போன் பண்ணவில்லை. பேச்சையும் நிறுத்திக்கொண்டாள். கஞ்சியைக் கொண்டுபோய் டங்கென்று வைப்பாள், வருவாள். ஊருக்கெல்லாம் மூச்சு கொடுக்கிறானாம். கூடப் பிறந்தவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு படியில் உட்கார்ந்திருப்பது தெரியாதாம்.

செயலாளர் அம்மா வந்தபோது பகல் இரண்டு மணி தாண்டியிருந்தது. குட்டையாக வெட்டின நரைமுடி, கழுத்துச் சங்கிலியில் தொங்கும் மூக்குக் கண்ணாடி. பின்னால் கேமராப் பையோடு ஒருவர். அந்த அம்மாள் கட்டிலின் காலடியில் பூங்கொத்தை வைத்துவிட்டு அசையாமல் நின்றார். நிஜமாகவே கண் கலங்கியிருந்தது. அது அக்காவுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

"நீங்க அக்காதானே? உங்ககிட்ட ஒரு விஷயம் சொல்லணும்" என்று ஒரு பெட்டியைத் திறந்தார். உள்ளே நீல வெல்வெட்டில் கனமான கண்ணாடிக் கேடயம். அதில் தம்பியின் பெயர். பெயருக்குக் கீழே, தொழில்நுட்பத் தொண்டர் விருது.

"கம்ப்யூட்டர் தெரிஞ்சவங்க அந்தத் திறமையைத் தர்ம காரியத்துக்குக் குடுத்தா, அவங்களைப் பாராட்டி வருஷா வருஷம் குடுக்கறது. கம்பெனிகள் எல்லாம் சேர்ந்து நடத்தறாங்க. இந்த வருஷம் நாங்க இவர் பேரை எழுதி அனுப்பினோம். அடுத்த வாரம் மேடையில குடுக்க வேண்டியது. விஷயம் கேள்விப்பட்டதும் நானே கேட்டு வாங்கிட்டு வந்துட்டேன். அவர் பக்கத்துல வெச்சு ஒரே ஒரு படம் எடுத்துக்கறோம். விழாவுக்கு நீங்க வந்து அவர் சார்பா..."

"எதுக்குக் குடுக்கறாங்க?"

"சொன்னேனே, அவரோட சேவைக்கு..."

"அதில்ல. அவன் என்ன பண்ணினான்னு எழுதி அனுப்பினீங்க?"

செயலாளர் அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு போனைப் பார்த்துப் படித்தார். "மாறாத புன்னகை, சலியாத சேவை. யாரிடமும் கடிந்து ஒரு சொல் பேசாத இந்த மென்மையான மனிதர்..."

கடைவாசலில் நின்ற பக்கத்துக் கடை மெக்கானிக்குக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இருமலாக்கிச் சமாளித்துக்கொண்டு வெளியே போனார்.

"யாரு, இவனா?" என்றாள் அக்கா. "தப்பான வீட்டுக்கு வந்துட்டீங்கம்மா. கடுகுன்னு உங்க ஆபீஸ்லதானே பேர் வெச்சீங்க? அதை எழுதலையா?"

"அது செல்லமா..."

"செல்லம்லாம் வேண்டாம். என் பொண்ணு கல்யாணம் நடந்துச்சு. போட்டோல இவன் ஒண்ணுலகூட இல்ல. தாய்மாமன் எங்கடான்னு தேடினா, வண்டி நிறுத்தற இடத்துல லேப்டாப்பை மடியில வெச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கான். உங்க சர்வர் படுத்துடுச்சாம். சொந்த மருமக கல்யாணப் போட்டோவுக்கே நிக்காதவன், உங்க போட்டோவுக்கு நிப்பானா?" கேமராக்காரர் பக்கம் திரும்பினாள். "பையை மூடுப்பா."

அவர் மூடினார். கணவர் அவள் முழங்கையைத் தொட்டார். "துக்கம் கேக்க வந்தவங்ககிட்ட என்ன பேச்சு இது?"

"படம் எடுக்க வந்தவங்ககிட்டதான் பேசறேன்."

செயலாளர் அம்மா கோபப்படவில்லை. வாடகை நாற்காலி ஒன்றை இழுத்து உட்கார்ந்து, கேடயத்தை மடியில் வைத்துக்கொண்டார். "எனக்கும் அவருக்கும் சண்டை இல்லாத வாரம் கிடையாதுங்க. அதையெல்லாம் எழுதினா விருது குடுக்க மாட்டாங்க" என்றார்.

அதற்குள் வாசலில் ஒரு வேன் பின்பக்கமாக வந்து நின்றது. கதவு திறக்கும் சத்தம். வெளியிலிருந்து ஒரு குரல் உற்சாகமாகக் கேட்டது.

"கருவி வங்கி! ஆக்சிஜன் மெஷின் வந்திருக்கு! கையெழுத்துப் போட யாராவது வாங்க!"

யாரும் அசையவில்லை. டிரைவர் பெரிய அட்டைப் பெட்டியைத் தோளில் சுமந்தபடி உள்ளே வந்தார். தொங்கிக்கொண்டிருந்த கோட்டு ஒன்றைத் தலையால் விலக்கினார். முதலில் கட்டிலைப் பார்த்தார், பிறகு சட்டைக் கழுத்தை, பிறகு முகத்தை. பெட்டியை மெதுவாக, குழந்தையை இறக்குவது போல் தரையில் இறக்கினார்.

"சார் வீடா இது?" என்றார். "சாருக்கா?"

"யார் வீடுன்னு தெரியாமத்தான் வந்தீங்களா?" என்று கேட்டாள் அக்கா.

"போன் ஆப்ல பேர் வராதுக்கா. முகவரி மட்டும்தான் வரும். சார்தான் அப்படி வெச்சார். பேரைப் பார்த்தா ஆளைப் பார்ப்போம், ஆளைப் பார்த்தா ஓரவஞ்சனை வரும்னு." அவர் தலையிலிருந்த தொப்பியைக் கழற்றிக் கையில் கசக்கினார். "நேத்துக் காலையில இருந்து ரோட்லயே இருக்கேன். ஆபீஸ் பக்கம் போகலை. யாரும் சொல்லலை."

அக்கா பெட்டியைப் பார்த்தாள். வெள்ளை நாடா ஒட்டின, ஒரு மூலை நசுங்கின பெட்டி. இதற்காகத்தான் அவள் கணவர் இடுப்பொடிய மாடியேறினார். இதற்காகத்தான் அவள் பேச்சை நிறுத்தினாள். மெஷின் இருந்திருந்தாலும் கொஞ்ச நாள்தான், இல்லாவிட்டாலும் கொஞ்ச நாள்தான் என்று டாக்டர் நேற்று இரண்டு பக்கமும் படாமல் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

செயலாளர் அம்மாவின் போன் ஒலித்தது. யார் என்று பார்த்துவிட்டு எடுக்காமல் அடக்கினார். எழுந்து டிரைவரின் பக்கத்தில் போய்த் தாழ்ந்த குரலில், "சரி, திரும்ப வண்டில ஏத்திடுப்பா. ஏரிக்கரைப் பெரிய வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிடு" என்றார். சாவு வீட்டில் எவ்வளவு தாழ்த்திப் பேசினாலும் எல்லார் காதிலும் விழும்.

டிரைவர் போனைத் தடவிப் பார்த்தார். "அடுத்தது வேற இடம் காட்டுதும்மா. மார்க்கெட் பின்னாடி, மூணாவது மாடி."

"நான் சொல்றேன்ல. ஸ்பெஷல்ல மாத்திக்கலாம்."

"ஸ்பெஷல்னா என்ன?" என்று கேட்டாள் அக்கா.

டிரைவர் செயலாளர் அம்மாவைப் பார்த்தார். பிறகு கட்டிலைப் பார்த்தார். அங்கே படுத்திருப்பவர் எழுந்து திட்டுவாரோ என்று பயந்தவர் மாதிரிச் சொன்னார். "பணம் குடுக்கற பெரிய மனுஷங்க வீட்டுக்கு, வரிசை பார்க்காம நேரா போறதுக்கா. சார் செஞ்சு தரமாட்டேன்னு சொல்லிட்டார். வெளியில ஒரு கம்பெனியை வெச்சுச் செஞ்சாங்க. இந்தப் புகை ஆரம்பிச்சதுல இருந்து நாலஞ்சு மெஷின் அப்படித்தான் போச்சு."

"நாலஞ்சு."

"ஆமாங்க்கா."

"அப்ப இவன் முறை எப்ப வந்திருக்கணும்?"

டிரைவர் தரையில் இருந்த பெட்டியைப் பார்த்தார்.

"இப்படிப் பேசினா நான் கொலைகாரி மாதிரி இருக்கு" என்றார் செயலாளர் அம்மா. அவர் குரலும் உயர்ந்துவிட்டது. "நானும் சொல்றேன், கேளுங்க. எங்ககிட்ட இருக்கற மெஷின்ல பாதி அந்த ஏரிக்கரை வீட்டுக்காரங்க வாங்கிக் குடுத்தது. இன்னைக்கு அவங்க அப்பாவுக்கு மூச்சு இல்ல. அவங்ககிட்டப் போய், உங்களுக்கு இன்னும் வரிசை வரலைன்னு நான் சொன்னா, அடுத்த வருஷம் வரிசைல நிக்கறவங்களுக்குக் குடுக்க என்கிட்ட என்ன இருக்கும்? வெறும் வரிசைதான் இருக்கும். உங்க தம்பிகிட்ட இதைச் சொன்னேன். அப்ப வங்கிங்கற போர்டைக் கழட்டிட்டுக் கடைன்னு போடுங்கன்னார். அவருக்கு என்னங்க, கம்ப்யூட்டர் முன்னாடி உட்கார்ந்து நியாயம் பேசிடலாம். ஒவ்வொரு வீட்டு வாசல்லயும் போய் நின்னு கையேந்தறது நான்."

அவர் சொன்னதில் தப்பு கண்டுபிடிக்க அக்கா முயன்றாள். முழுசாகக் கிடைக்கவில்லை.

"இன்னொண்ணும் சொல்லிடறேன்" என்றார் அவர். "இவருக்கு முடியலைன்னு தெரிஞ்ச அன்னைக்கே நான் போன் பண்ணினேன். ஸ்பெஷல்ல உங்களுக்குப் போட்டு நாளைக்கே அனுப்பறேன்னேன். காது குடுத்துக் கேக்க முடியாத வார்த்தையில திட்டிட்டுப் போனை வெச்சார்."

"அவனுக்குத் தெரியுமா? மெஷின் அவனைத் தாண்டித் தாண்டிப் போறது?"

"சாருக்குத் தெரியாம எப்படிக்கா?" என்றார் டிரைவர். "தினம் அதைத்தானே பார்த்துக்கிட்டிருப்பார்."

கடைசி நாள்கள் முழுவதும் தம்பி லேப்டாப்பை வயிற்றின் மேல் சாய்த்து வைத்துக்கொண்டு படுத்திருந்தான். மூக்கில் குழாய், முகத்தில் திரையின் வெளிச்சம். மூச்சே இல்லை, அதில் என்னடா பார்க்கிறாய் என்று ஒருமுறை கேட்டாள். பேச்சை நிறுத்தியிருந்தவள் தன்னை மறந்து கேட்ட கேள்வி. "சினிமா" என்றான். "கதை எப்படி?" என்று கேட்டதற்கு, "மோசம், முடிவு முன்னாடியே தெரிஞ்சுபோச்சு" என்று சொல்லிச் சிரிக்கப் போய் இருமலில் மாட்டிக்கொண்டான். முதுகைத் தடவிவிடாமல் அவள் கீழே இறங்கி வந்துவிட்டாள்.

அவள் கட்டிலின் அருகே போனாள். பளபளவென்று கஞ்சி போட்டுத் தேய்த்த சட்டைக்குள் அவன் யாரோ மாதிரி இருந்தான். அந்தக் கன்னத்தில் ஓங்கி ஒன்று விட வேண்டும்போல் கை பரபரத்தது. படுபாவி. தாண்டிப் போகிற ஒவ்வொன்றையும் கணக்குப் பண்ணிக்கொண்டு படுத்திருந்தாயா? என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால்?

சொல்லியிருந்தால் அவள் என்ன செய்திருப்பாள் என்று அவளுக்குத் தெரியும். நேராகப் போய் அந்த அம்மாளின் காலைப் பிடித்து, ஸ்பெஷலில் வாங்கிக்கொண்டு வந்திருப்பாள். அவனுக்கும் அது தெரிந்திருக்கிறது. அதனால்தான் சினிமா என்றான்.

கழுத்துப் பொத்தானைக் கழற்றிவிட்டாள். திரும்பி வந்து பெட்டியின் ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"டிரைவர், அந்தப் பக்கம் பிடிங்க."

"எங்கக்கா?"

"மார்க்கெட் பின்னாடின்னீங்களே. நானும் வரேன்."

கணவர் திடுக்கிட்டு எழுந்தார். "என்ன இது? நாலு மணிக்கு அவனை எடுக்க வண்டி வந்துடும்."

"வந்துடுவேன். வரலைன்னா நிக்கச் சொல்லுங்க. இவனுக்கு இனிமே என்ன அவசரம்?"

செயலாளர் அம்மாவின் போன் மறுபடியும் அதிர ஆரம்பித்தது. "அந்த வீட்டுக்காரங்களுக்கு நான் என்ன பதில் சொல்றது?" என்று கேட்டார். அதட்டலாகத்தான் ஆரம்பித்தார், முடிக்கும்போது கெஞ்சலாகிவிட்டது.

"சாவு வீட்ல இருந்து எடுத்த மெஷின், ராசியில்லைன்னு சொல்லுங்க. அவங்களே வேண்டாம்பாங்க."

சிரிப்பா அழுகையா என்று தெரியாத ஒன்று செயலாளர் அம்மாவின் முகத்தில் ஓடியது. வாசலை மறித்துக்கொண்டு நின்றவர் ஒதுங்கி வழிவிட்டார். பிறகு கட்டிலுக்குப் பக்கத்து நாற்காலியில் போய் உட்கார்ந்தார். கையில் போன் அதிர்ந்துகொண்டே இருந்தது.

வேனுக்குள் மெஷின் ஆடாமலிருக்க அக்கா ஒரு கையால் பிடித்துக்கொண்டாள். புகை இறங்கியிருந்ததால் பகலிலேயே வண்டிகள் விளக்குப் போட்டுக்கொண்டு ஊர்ந்தன. டிரைவர் ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் பேச ஆரம்பித்தார்.

"ஒரு தடவை ஒரு வீட்டுக்கு லேட்டாப் போனேன்க்கா. டீ குடிக்க நின்னுட்டேன். வண்டி நிக்கற இடம் அவருக்குத் திரையில தெரியும்ல. போன் பண்ணி, டீ ஆறிடுச்சாடான்னு கேட்டார். அவ்வளவுதான். அதுக்கப்புறம் வழியில டீ குடிச்சதே இல்ல."

"ஸ்பெஷல் வந்தப்பவே விட்டுட்டு வந்திருக்க வேண்டியதுதானே? எதுக்கு அங்கேயே மாரடிச்சான்?"

"நானும் கேட்டேன். நான் போனா எல்லாமே ஸ்பெஷல் ஆயிடும்னார்."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மார்க்கெட்டுக்குப் பின்னால் இருந்த கட்டடத்தில் லிப்ட் வேலை செய்யவில்லை. படிகளில் வெளிச்சமும் இல்லை. டிரைவர் கீழ்ப்பக்கம், அவள் மேல்பக்கம். ஒவ்வொரு திருப்பத்திலும் பெட்டியைச் சுவரில் முட்டுக் கொடுத்து மூச்சு வாங்கினார்கள். தட்டியதும் கதவைத் திறந்தவர் உயரமான கிழவர். பாதி முகத்தில் சவரம் செய்து, பாதியில் சோப்பு நுரையோடு நின்றார். பெட்டியைப் பார்த்தார். அதைப் பிடித்திருந்தவளைப் பார்த்தார்.

"இப்பத்தான் வழி தெரிஞ்சுதா உங்களுக்கு?" என்று பிடித்துக்கொண்டார். "எத்தனை தடவை போன் பண்றது? வரும் வரும்னா எப்ப வரும்? பொணத்துக்கு மாட்டறதுக்கா வரும்? உள்ள வந்து பாருங்க அவளை. சிலிண்டர் முள்ளு சிவப்புல நிக்குது. தர்மம் பண்றோம், தர்மம் பண்றோம்னு போர்டு மட்டும் போட்டுக்கறீங்க. ஒரு மனுஷன் எவ்வளவு நாள்தான் காத்துக்கிட்டிருக்கறது?"

டிரைவர் வாயைத் திறந்தார். "அய்யா, இவங்க..."

அக்கா அவரைப் பார்த்துத் தலையசைத்தாள். வேண்டாம். "எங்க வைக்கணும், சொல்லுங்க" என்றாள் கிழவரிடம்.

அறை சின்னது. புகை வராமலிருக்க ஜன்னல் இடுக்குகளை நாடாவால் ஒட்டியிருந்தார்கள். சாய்வு நாற்காலியில் ஒரு ஒல்லியான அம்மாள், தோள் இரண்டும் காதுவரை ஏறி இறங்க, கண்ணை மட்டும் திருப்பிப் பார்த்தாள். அந்தத் தோள் அசைவை அக்காவுக்கு நன்றாகத் தெரியும். டிரைவர் மெஷினைப் பிரித்து நிமிர்த்தினார். ஒயர் எட்டவில்லை. கிழவர் இரைந்துகொண்டே எதையோ தேடினார், கிடைக்கவில்லை, அதற்கும் இவர்களையே திட்டினார். அக்கா சுவரோரம் இருந்த துணி அலமாரியைத் தோளால் நெட்டினாள். பின்னால் ஒரு பிளக் பாயின்ட் இருந்தது.

மெஷின் ஒருமுறை கூவிவிட்டு, பெரிய விலங்கு தூக்கத்தில் மூச்சு விடுவது போல ஓட ஆரம்பித்தது. அந்த அம்மாளின் மூக்கில் குழாயை மாட்டினாள் அக்கா. காதுக்குப் பின்னால் உறுத்தாமலிருக்கப் அங்கே கிடந்த பஞ்சில் துளி எடுத்துச் செருகினாள். குழாயின் ஒரு பகுதி நாற்காலிக் காலுக்கடியில் நசுங்கிக் கிடந்தது. குனிந்து அதை உருவி, யார் காலும் படாதபடி சுவரை ஒட்டிப் போட்டாள். பிறகு அங்கேயே நின்றாள்.

கொஞ்ச நேரம் கழித்து அந்த அம்மாளின் தோள்கள் ஒரு விரற்கடை இறங்கின. இன்னும் கொஞ்சம் கழித்துக் கண்ணை மூடிக்கொண்டாள். கிழவர் பயந்துபோய்க் குனிந்து பார்த்தார்.

"தூங்கறாங்க" என்றாள் அக்கா. "இத்தனை நாள் சரியாத் தூங்கியிருக்க மாட்டாங்க."

கிழவரின் கன்னத்தில் நுரை காய்ந்து வெள்ளையாக ஒட்டியிருந்தது. டிரைவர் வாசலில் நின்று, "அக்கா, நேரமாச்சு" என்றார்.

அவள் செருப்பை மாட்டிக்கொண்டாள். இருட்டுப் படிகளில் அவர்கள் இறங்கத் தொடங்கியதும் மேலே சாத்திய கதவு மறுபடி திறந்தது.

"யம்மா." அதே கடுகடுத்த குரல். "கீழ திரும்பற இடத்துல ஒரு படி உடைஞ்சிருக்கு. கைப்பிடியும் கிடையாது. பார்த்துப் போங்க."

"சரிங்க" என்றாள். ஒரு கையால் சுவரைத் தடவிக்கொண்டு, அடுத்த படி இருக்கிறதா என்று காலால் துழாவித் துழாவி இறங்கினாள்.